கசப்பில் பாதி

மலையடி மரங்களின் மணம் கமழும் இந்த மன்றத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே, முன்வரிசையை அழகுசெய்யும் மூத்தோரே, வாசம் பிடிக்காவிட்டாலும் வந்தமர்ந்திருக்கும் தாய்மாரே, பாலிக் புலா ஊரின் டுரியான் பழப் பித்தர்களே, இந்தப் பழக்கடைக்காரனின் கைகூப்பிய வணக்கம்!

இனிப்பைத் தேடி எறும்பும் வரும். கசப்பைத் தேடி யார் வருவார்? நாங்கள் வருவோம் என்கிறீர்கள். வாருங்கள், உங்களுக்கும் முன்னே வந்தவர்கள் இருவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஜைலானி. தையல் டீச்சர் ஊய் பெக் சூ. கிழட்டு மரத்தில் காய்க்கும் 'சிவப்பு இறால்' என்ற டுரியான் வகை, நாக்கே மரத்துப்போகும் கசப்பு. அதற்காகப் பருவந்தோறும் என் கடையில் போர்!

"நான்தான் முதல்ல மோந்து பார்த்தேன், டீச்சர்."

"மூக்கை வச்சா பழம் உங்களுதாயிடுமா, டிரைவரே? தள்ளி நில்லுங்க."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். போன பருவத்தில் டிரைவர் வரவில்லை. சர்க்கரை ஏறி, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார். பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு சுளைக்குத்தான் மருத்துவர் அனுமதி. "ஒத்தச் சுளைக்கு ஒரு பருவமா? எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சோற்றையும் ஒதுக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவர் மகள் ரொகாயா கடைக்கு வந்து அழுதார்.

டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பழம் பழமாய்ப் பிளக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் விரல்நுனி தொட்டு ருசித்துத் தலையசைத்தார். ஒன்றில் மட்டும் கண்மூடினார்.

"இதான். கிளம்புங்க, போவோம்."

டிரைவர் வீட்டில், அந்தப் பழத்தின் ஒரு சுளையைக் கிண்ணத்தில் வைத்துக் கட்டிலருகே நீட்டினார்.

"கடை பூரா தேடி எடுத்தது, டிரைவரே. நீங்க திங்கலேன்னா நானே தின்னுடுவேன்."

அவர் திரும்பினார். மோந்தார். கடித்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். மிச்சத்தை நீட்டினார்.

"பாதி உங்களுக்கு."

"டாக்டர் எனக்கா அளவு சொன்னாரு? கடையில வேணுங்கிறது கிடக்கு. நீங்க சாப்பிடுங்க."

"தனியாத் தின்னா நல்லால்ல, டீச்சர்."

டீச்சர் வாங்கினார். தின்றார். முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை ஜைலானி கஞ்சி கேட்டார்.

அன்பர்களே, வெறும் நாவுக்காகவா நாம் இந்தக் கசப்பை நாடுகிறோம்? ஊருக்கே பிடித்ததை ரசிக்க ஊரே துணை வரும். நமக்குப் பிடித்த கசப்பை ரசிக்க ஓர் உயிராவது உடன் வேண்டாமா? வம்புக்கு வர ஒருவர் வேண்டும்! வராதபோது தேடிவர ஒருவர் வேண்டும்! இருப்பது ஒரே சுளை என்றாலும் அதில் பாதியை நீட்ட ஒருவர் வேண்டும்!

அதோ, தூணோரம் இருவரும் வந்திருக்கிறார்கள். இப்போதே ஏதோ வாக்குவாதம். விலக்கிவிடாதீர்கள்.

செவிகொடுத்த சபைக்கு நன்றி. பழங்கள் காத்திருக்கின்றன, பகிர்ந்துண்ணுங்கள். வணக்கம்!