கடையை விட்டு நகரக் கூடாது

பாகூர் கடைத்தெருவில் சத்தமில்லாமல் ஓடும் மின்விசிறி என் கடையில் மட்டும்தான் இருக்கிறது. வரி விஷயமாக வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகும் பத்து நிமிடம் அதன் கீழே உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். சுப்புராயனும் அப்படித்தான். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். பிறகு ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தேன். எட்டு மாதத்தில் அதையும் விட்டேன். கண் விழித்த பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. அது இந்த வேலைக்கு உதவியது. இப்போது நாற்பத்திரண்டு கடைக்காரர்களுக்கு மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். நாற்பத்திரண்டு பேரின் பதிவிலும் என் மின்னஞ்சலும் என் போன் நம்பரும்தான் இருக்கின்றன. ஓ.டி.பி. கேட்டு ஒவ்வொருவரையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். அரசாங்கம் ஒரு கடைக்காரரிடம் ஏதாவது சொல்ல விரும்பினால் என்னிடம் சொல்லும். நான் அவரிடம் சொல்வேன்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அதைத் திருத்தி இன்னொன்று வரும். கடைசித் தேதி தள்ளிப் போகும். தள்ளிப் போனது நமக்குத் தெரிவதற்குள் அந்தத் தேதியும் போயிருக்கும். ஏன், எதற்கு என்று கேட்பதைக் கடைக்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். "இப்ப இன்னா புச்சா?" என்று மட்டும் கேட்பார்கள். நான் சொல்வேன். செய்வார்கள்.

சுப்புராயனுக்கு பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை. பாகூருக்குத் தெற்கே, கடலூர் மாவட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் கடை, புதுச்சேரி. அந்தப் பக்கம் அவர் வீடு, தமிழ்நாடு. நடுவில் நாற்பது அடித் தார்ச்சாலை. இந்தப் பக்கத்து ஆள் பைப் வாங்கினால் வரியை ரிட்டர்னில் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். எதிர்ப் பக்கத்து ஆள் வாங்கினால் இன்னொரு கட்டத்தில். தொகை ஒன்றுதான், கட்டம்தான் வேறு. முன்பு, வந்தவர் கடையிலேயே சரக்கைக் கையில் வாங்கிக்கொண்டு போனால் உள்ளூர்க் கட்டமே போதும். நடுவில் விதி மாறி, பில்லில் எந்த மாநில முகவரி இருக்கிறதோ அதுதான் கணக்கு என்றானது. அந்த மாற்றம் வந்ததை நான் பார்க்கவில்லை. பதினான்கு மாதம் அவருடைய பாதி விற்பனையைத் தவறான கட்டத்தில் எழுதிவந்தேன்.

நோட்டீஸ் வந்தது. என் மின்னஞ்சலுக்குத்தான். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று இருந்தது. நான் அதைத் திறந்தது முப்பத்தைந்தாம் நாள்.

அந்த வாரமே சுப்புராயன் வந்தார். "தம்பி, திங்கக்கெழம டவுனுக்குப் போறேன். வரி ஆபீஸ்ல ஒருதபா நேர்ல போயி நம்ம பேர்ல இன்னா கீதுன்னு பாத்துட்டு வா மாமான்னு மருமவன் சொல்றான்" என்றார்.

அங்கே யாராவது அவருடைய வரிப் பதிவு நம்பரைத் தட்டினால் நோட்டீஸ் தெரிந்துவிடும். மறுநாள் நாற்பத்திரண்டு பேரும் என் வாசலில் நிற்பார்கள். நான் திட்டமிட்டு எதையும் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, உங்க நம்பரு விசாரணையில இருக்கு. அது முடியிற வரைக்கும் ஓனரு கடைய விட்டு நகரக் கூடாதுன்னு புதுசா வந்திருக்கு. ஆபீசரு எப்ப வேணா வருவாரு. அந்த நேரத்துல நீங்க இல்லன்னா நம்பரு ரத்து."

"எப்பலருந்து?"

"ஒண்ணாம் தேதியிலருந்து."

"அடப்பாவி, இன்னிக்கி மூணு" என்று எழுந்து ஓடினார்.

எந்தப் பிரிவு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்பர் போனால் கம்பெனிகள் லோடு அனுப்பாது, லோடு இல்லையென்றால் கடை இல்லை. கூலிக்குக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர் இருபது வருடத்தில் உண்டாக்கிய கடை அது. அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலம் போன் செய்தார். "ராத்திரிக்கு வூட்டுக்குப் போவலாமில்ல தம்பி?"

"நேரம் எதுவும் போடல அண்ணே" என்றேன். உண்மையும் அதுதான். அவர் பாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இரவு தங்கச் சொன்னது நான் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி அம்சவள்ளி மூன்று வேளையும் தூக்குச்சட்டியோடு சாலையைத் தாண்டி வந்தாள். நான்காம் நாள் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சோறு அந்த மாநிலத்துலருந்து வருது. சரக்கு வண்டிக்குப் போடுற மாரி அதுக்கும் ஈ-வே பில்லு போடணுமா?"

"அம்பதாயிரத்துக்குக் கீழ தேவையில்ல" என்றேன். இருவருமே சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் போட்டோ ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கடைப் பலகையின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அவர் நகரவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா. அது அவருடைய நன்மைக்குத்தான். ஒரு நாளும் தவறவிடவில்லை. பேத்தியின் மஞ்சள் நீராட்டு எதிர் வீட்டில் நடந்தபோது பட்டு வேட்டி கட்டி, சந்தனம் வைத்துக்கொண்டு, பலகையின் கீழே உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் எதிர் வீட்டுச் சீரியல் விளக்குகள் தெரிந்தன. பெண்ணைச் சாலைக்கு இந்தப் பக்கம் அழைத்துவந்து, பைப் கட்டுகளுக்கு நடுவில் அவர் காலில் விழவைத்தார்களாம். நன்றாகத்தான் நடந்திருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் செருப்புக் கடை உதுமான் பாய் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"இன்னா தம்பி, சுப்புராயனுக்கு ஒரு கண்ணு, எனக்கு ஒரு கண்ணா? நானும்தான ஃபீஸ் குடுக்குறேன். கடைய உட்டுப் போவக் கூடாதுன்னு ரூல் வந்துக்குதாமே. எனக்கு ஏன் சொல்லல?"

"உங்களுக்கு விசாரணை இல்ல பாய்."

"இன்னிக்கி இல்ல. நாளைக்கி வந்தா? இப்பவே குந்திக்கிறேன். வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு மட்டும் இன்னா பண்றதுன்னு சொல்லு."

விதியே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சுப்புராயனுக்கும் இல்லை என்றாகிவிடும். "வழிபாட்டுக்கு ஒரு மணி நேரம் விலக்கு உண்டு" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. நெட்டப்பாக்கம் பக்கத்தில் ஒரு மளிகைக்காரர் தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். வில்லியனூரில் என்னைப் போன்ற ஒருவர், வெளியே போக அனுமதி கேட்கும் படிவம் என்று ஒன்றை அச்சடித்து, ஒன்று இருபது ரூபாய்க்கு விற்றார். மூன்றாவது மாதம் என்னுடைய விதி எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே சிங்கமுத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் ஏழு பத்தி. வழிபாட்டு விலக்கு இரண்டு மணி நேரமாகக் கூட்டப்பட்டிருந்தது. பெண் உரிமையாளர்களுக்கு மாதம் நான்கு நாள் தளர்வு. மருத்துவத்துக்கு முன் அனுமதி கட்டாயம். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் திருத்தங்களை நோட்டில் குறித்துவைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் கேட்டால் சொல்ல வேண்டும்.

ஒருவேளை உண்மையிலேயே அரசாங்கம் கொண்டுவந்துவிட்டதோ என்று அப்போதுதான் முதல்முறை நினைத்தேன். நினைக்கக்கூடியதுதான். அதைவிட விசித்திரமானவை வந்திருக்கின்றன.

அம்சவள்ளி ஒருநாள் நேராக என் கடைக்கு வந்தாள். விசிறியின் கீழே உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எம்மா நாளுடா இது? கொல பண்ணவனக்கூடப் பரோல்ல உடுறாங்க. பைப்பு வித்தவன் மூணு மாசமா வூட்டுப் படி மிதிக்கல. எதிர்ல நின்னு நான் துணி காயப்போடுறத சினிமா கணக்கா பாத்துனு குந்திகினுகீறாரு."

"ஆபீசர் வந்தா முடிஞ்சிரும்கா."

"எந்த ஆபீசர்? அவனுக்கு ஊரு இல்ல, பேரு இல்ல? உங்கிட்ட போன் நம்பரு கீதா? குடு, நான் பேசுறேன்."

"அவங்க நம்பர் தர மாட்டாங்கக்கா."

"இன்னா கம்ப்யூட்டரோ" என்று என் மேசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆபீசர் வந்திருந்தால் முடிந்திருக்கும்.

போன மாதம் இருபதாம் தேதிக்கு வருகிறேன். ரிட்டர்னுக்குக் கடைசி நாள். என் கையில் இன்னும் பதினேழு பாக்கி இருந்தன. காலை பதினொன்று ஐந்துக்கு சுப்புராயன் அழைத்தார். குரல் மெதுவாக இருந்தது.

"தம்பி, நெஞ்சு ஒருமாரி அடைக்குது. வேர்த்து ஊத்துது. எதிர்ல எங்க வூட்டாண்டயே டாக்டரு கீறாரு. ஒரு எட்டு போயிட்டு வந்துடட்டுமா?"

"இருங்க அண்ணே, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவத்துக்கு முன் அனுமதி கட்டாயம் என்று அந்த வாட்ஸ்அப்பில் இருந்தது. அது என் விதி இல்லை, எனவே அதை நீக்கும் அதிகாரம் எனக்கு உண்டா என்று தெரியவில்லை. பொறுப்பில்லாமல் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. வரித் தளத்தைத் திறந்து அறிவிப்புகளில் தேடினேன். கடைசி நாள் என்பதால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "உரிமையாளர்", "வெளியேறுதல்" என்று தேடினேன். இல்லை. ஆங்கிலத்தில் தேடினேன். நடுவில் இரண்டு ரிட்டர்னையும் போட்டு முடித்தேன், அவர்களும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அது படம் அனுப்பும் நேரமே இல்லை. பலகையின் கீழே உட்கார்ந்திருந்தார், சட்டை முழுவதும் நனைந்திருந்தது. இன்னும் நகரவில்லை என்று எனக்குக் காட்டியிருக்கிறார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

பதினொன்று ஐம்பதுக்குத் தேடி முடித்தேன். அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. எனக்கே நிம்மதியாக இருந்தது. போகலாம் என்று சொல்ல அழைத்தேன். அம்சவள்ளி எடுத்தாள். சோறு கொண்டுவந்தவள்தான் அவரைப் பார்த்திருக்கிறாள். டாக்டர் சாலையைத் தாண்டி வந்து பார்த்துவிட்டு, முடிந்து கால் மணி நேரம் ஆகிறது என்று சொன்னாராம்.

டாக்டரை முன்பே இந்தப் பக்கம் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். கூப்பிட்டிருக்கலாம். வெளியாட்கள் கடைக்குள் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சரி என்றிருப்பேன்.

அம்சவள்ளி போனை வைக்கவில்லை. அழவும் இல்லை. "பொணத்த வூட்டுக்குத் தூக்கினு போவலாமா? ரோட்டத் தாண்டணும். அதையும் உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுடா" என்றாள்.

அவள் என்னைக் குத்திப் பேசுகிறாள் என்பது எனக்குச் சாயங்காலம்தான் புரிந்தது. அந்த நேரத்தில் நான் தேட ஆரம்பித்துவிட்டேன்.

சரி, மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸை மறைத்தது நான். விதியை உண்டாக்கியது நான். நூற்றெட்டு நாள் அந்த மனிதரைக் கடையில் உட்காரவைத்தது நான். சாலையைத் தாண்டலாமா என்று கேட்டவரைக் காக்கவைத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும், சார். விசாரணை முடியும் வரை நான் பாகூரை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொன்னீர்கள். அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பிரிவு எண்ணோடு. தப்பாக நினைக்காதீர்கள். இந்தக் காலத்தில் விதி என்று வாயால் சொல்கிறவர்களை நம்ப முடிவதில்லை.