கரண்ட் போனால் அந்தக் கை என்ன செய்யும்?

இன்சீனில் நான் ஏறிய, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் எனக்கு எதிரே மூன்று பேர்: அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. பர்மியர்கள் நிறைந்த அந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்த நாலாவது ஆள் நான்தான்.

“ஆஸ்பத்திரியில கரண்ட் எத்தனை மணிக்கு வரும்னு கேட்டியா மாப்ளே?” என்றார் பெரியவர்.

“ஆபரேஷன் சென்னையில மச்சான். நம்ம ஊர் மாதிரி முறை வச்சுக் கரண்ட் விடமாட்டாங்க.”

“தப்பித் தவறிப் போச்சுன்னா? அந்த ரோபோ கை என் வயித்துக்குள்ளயே நின்னுட்டா?”



“பேட்டரி இருக்கு. அது தானா வெட்டாது மச்சான். டாக்டர் அதே ரூம்ல உக்காந்து, கேமராவுல பெரிசாப் பாத்துக் கையை அசைப்பாரு. அதுவும் அசையும். அவர் கண்ணை எடுத்தா நின்னுடும். அவர் கை நடுங்கினாலும் அது நடுங்காது.”

“கிழிக்கிறது கிழிக்கிறதுதானே?”

“நாலஞ்சு சின்ன ஓட்டைதான். ரத்தம் கம்மி. சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.”

மனைவி அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “புரோஸ்டேட்ல புத்துநோய்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு. இவரு கரண்ட் வர்ற நேரம் விசாரிக்கிறாரு. இன்னைக்குச் சரின்னு சொல்லலைன்னா ஆபரேஷன் தேதியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

ரயில் இரண்டு நிலையங்களில் நின்று கிளம்பியது.

“சரின்னு சொல்லிடு மாப்ளே,” என்றார் பெரியவர். மனைவி பக்கம் திரும்பினார். “இன்னும் எவ்வளவு கட்டணும்?”

“என் வளையல் வித்தது போக எண்பது லட்சம் கியாட்.”