படம் வராத பக்கம்

இருந்தவர்கள்:

நிருஷா: செட்டிபாளையத்து வாவிக்கரை வீட்டு மகள். ஏறாவூரில் உள்ள ஒரு சாறன் (லுங்கி) கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தவள் இவள்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்னப்பூரணி: அவளுடைய தாய்.

றிஸான்: அந்தச் சாறன் கடைக்காரரின் மகன். நிருஷாவின் அண்ணன் ஜெயரூபனோடு மட்டக்களப்பில் ரியூசன் படித்தவன்.

ஜெயரூபன்: கம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) இருப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். பகிடிவதையில் (ராகிங்கில்) ஒரு பொடியனை அடித்து நொறுக்கியதைக் கண்டு, அடித்தவர்களின் பெயர்களை எழுத்தில் கொடுத்துவிட்டு ஓடி வந்தவன். அவர்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று பின்னேரம் அவன் நடு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். கூடத்தில் இருந்து பேசிய நேரமெல்லாம் நிருஷாவின் காது அந்தக் கதவில்தான் இருந்தது.

றிஸான்: ...அதான் புள்ள, சிக்னல் இல்ல எண்டு சொல்லாத. சிக்னல் இல்லாட்டி எழுத்தும் வராதே. கடைப் பேர் வருது. வாப்பாட நம்பர் வருது. சாறன் மட்டும் வருதில்ல. வெறும் பெட்டி பெட்டியா நிக்கிது.

நிருஷா: நான் பாக்கக்குள்ள வந்திச்சே அண்ணா.

றிஸான்: எதில பாத்த?

நிருஷா: இந்த லப்டொப்பிலதான்.

றிஸான்: அப்ப அதத் திற.

நிருஷா: சார்ஜ் இல்ல.

றிஸான்: வயர் குத்திக் கிடக்கே.

அன்னப்பூரணி: வந்ததும் வராததுமா என்ன மனே இது. இரி முதல்ல. உம்மா எப்பிடி?

றிஸான்: இரிக்கா அம்மா. மூச்சு முட்டு மட்டும் குறையுதில்ல. வரக்குள்ள கேட்டா, ஜெயரூபன் லீவுக்கு வந்திரிக்கானா எண்டு. இப்ப எல்லாக் கம்பஸும் லீவாமே.

அன்னப்பூரணி: அவனுக்கு லீவு இல்லயாம். சோதினை நடக்குதாம்.

நிருஷா: புரொஜெக்ட் அம்மா.

அன்னப்பூரணி: ஓம், அதுதான்.

றிஸான்: சோதினையா, புரொஜெக்டா?

நிருஷா: ரெண்டும்தான்.

றிஸான்: பாவம். ஃபோனும் வேலை செய்யுதில்ல அவன்ட. நானும் எடுத்து எடுத்துப் பாத்தன்.

அன்னப்பூரணி: தண்ணியில விழுந்திட்டாம்.

றிஸான்: சரி. லப்டொப்பு?

நிருஷா: இந்தா, திறந்திட்டன். பாருங்க.

றிஸான்: இதிலயும் பெட்டிதான் நிக்கிது.

நிருஷா: நேத்து வந்திச்சு.

றிஸான்: நீ செஞ்ச ஃபைல் இதிலதானே இரிக்கும்? அதத் திற. இல்ல, அதில்ல... ஓம், இண்டெக்ஸ். கீழ போ. இன்னும். நில்லு. இந்த வரிய வாசி.

நிருஷா: டி... அடுத்தது சாறன்... அடுத்தது நீலக்கட்டம்.

றிஸான்: படம் எங்க கிடக்கு எண்டு பக்கத்துக்குச் சொல்லுற வரி அது. டி டிரைவில கிடக்கு எண்டு சொல்லுது. செஞ்ச ஆள்ட கம்பியூட்டருக்குள்ள இரிக்கிற இடம். அந்தக் கம்பியூட்டரில பாத்தா அழகா வரும். வேற ஆர் பாத்தாலும் பெட்டிதான்.

நிருஷா: ஓ... அப்ப மாத்திறன்.

றிஸான்: மாத்து. அதுக்கு முதல் இந்த லப்டொப்பில டி டிரைவ் எங்க இரிக்கு எண்டு காட்டு.

நிருஷா: இஞ்சதான் எங்கயோ.

றிஸான்: இதில சி மட்டும்தானே புள்ள இரிக்கு.

நிருஷா: இதில செய்யல்ல. கூட்டாளி ஒருத்திட கம்பியூட்டரில செஞ்சது.

றிஸான்: இப்பதான் இதில எண்டாய்.

நிருஷா: பாத்தது இதில. செஞ்சது அதில.

றிஸான்: ஆர் அந்தக் கூட்டாளி?

நிருஷா: விதுர்ஷா. கிரான்.

றிஸான்: இஞ்சயிருந்து கிரானுக்குப் போய் என்ட கடைக்கு வெப்சைட் செஞ்சாய்?

நிருஷா: பஸ்ஸிருக்குத்தானே.

றிஸான்: அவட நம்பரத் தா. நன்றி சொல்லுவம்.

நிருஷா: அவ இப்ப வயல் வட்டையில நிப்பா. நெல்லு வெட்டு நடக்குது. அங்க சிக்னல் எடுக்காது.

றிஸான்: பாரன், சிக்னல் இல்லாத இடமெல்லாம் உனக்குத்தான் தெரியுது.

அன்னப்பூரணி: என்ன மனே, பொலிசுக்காரன் மாதிரிக் கேக்கிறாய். புள்ள ஆசைக்குச் செஞ்சது. பிடிக்காட்டி விடு.

றிஸான்: பிடிக்காம இல்லம்மா. நல்ல வேலை. எனக்கே செய்யத் தெரியா. ஒரே ஒரு குறை, தலைப்பு மஞ்சளாக் கிடக்கு. வாப்பா பச்சை கேக்காரு. இப்ப மாத்தித் தருவியா நிருஷா? நான் இரிந்து பாக்கன்.

நிருஷா: இப்பவேயா?

றிஸான்: ஒரு சொல்லுத்தானே மாத்தணும்.

நிருஷா: சரி, பாக்கன்.

றிஸான்: என்ன தேடுறாய்?

நிருஷா: மஞ்சளத்தான்.

றிஸான்: அது இண்டெக்ஸுக்குள்ள இல்ல. சி.எஸ்.எஸ் எண்டு மற்ற ஃபைல் ஒண்டு கிடக்கு, பக்கத்தில. நிறமெல்லாம் அதுக்குள்ள. இது ரியூசன்லயே படிப்பிச்சது.

நிருஷா: தெரியும். இதில முடிச்சிட்டு அதுக்குப் போவம் எண்டு.

றிஸான்: நீ வச்ச சாமான் எங்க எண்டு உனக்கே தெரியுதில்ல.

அன்னப்பூரணி: நிருஷா, நீ எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்து. வந்த புள்ளைக்கு வெறும் வாயோட கதை.

நிருஷா: ஓம். சீனி போடவா அண்ணா?

றிஸான்: போடு. மெல்லமா வா, அவசரமில்ல.

அன்னப்பூரணி: ...தறியெல்லாம் எப்பிடி ஓடுது மனே? ஆக்கள் வாங்குறாங்களா?

றிஸான்: பரவாயில்லம்மா.

அன்னப்பூரணி: போன வருசம் நீ தந்த சாறனத்தான் இவட அப்பா இன்னும்...

றிஸான்: அம்மா.

அன்னப்பூரணி: என்ன?

றிஸான்: என்ட ஃபோனில படம் வந்திட்டு.

அன்னப்பூரணி: எங்க காட்டு. ஆ, நீலம். வடிவா இரிக்கே. நல்லதுதானே?

றிஸான்: தலைப்பும் பச்சையாயிட்டு.

அன்னப்பூரணி: அப்ப எல்லாம் சரி வந்திட்டு.

றிஸான்: புள்ள குசினியில நிக்கிறா. லப்டொப் என்ட முழங்காலுக்கு முன்னால கிடக்கு. நான் தொடல்ல. நீங்க தட்டினீங்களா?

அன்னப்பூரணி: எனக்கு இது தெரியுமா மனே.

நிருஷா: இந்தாங்க தேத்தண்ணி. என்ன, ரெண்டு பேரும் ஃபோனையே பாக்கீங்க?

றிஸான்: பச்சையாயிட்டு.

நிருஷா: ...நான் போகக்குள்ள மாத்திட்டுத்தான் போனன். வர நேரமெடுக்கும்.

றிஸான்: நீ போகக்குள்ள இண்டெக்ஸுக்குள்ள மஞ்சளத் தேடிக்கிட்டு இருந்தாய். அந்த ஃபைல் இன்னும் அப்பிடியே திறந்து கிடக்கு. பாரு.

நிருஷா: அப்ப விதுர்ஷா மாத்தியிருப்பா.

றிஸான்: வட்டையில நிண்டுகொண்டா? வாப்பா பச்சை கேட்டாரு எண்டு அவக்கு ஆர் சொன்ன? இந்தக் கூடத்தில பேசினதக் கேக்கிற தூரத்தில இரிக்கிற ஆள்தான் மாத்தியிரிக்கு.

நிருஷா: தேத்தண்ணி ஆறுது.

றிஸான்: கெட்டிக்கார ஆள்தான். ஆனா ஒருக்கா, ஒரேயொருக்கா வேற ஃபோனில திறந்து பாத்திருந்தா அந்தப் பிழை அப்பவே பிடிபட்டிருக்கும். இது கூடப் பாக்காம ஆரும் வேலை செய்வாங்களா?

அன்னப்பூரணி: அவன் ஃபோனக் கழட்டி வச்சிட்டான் மனே. அவன்ட கம்பியூட்டர் ஒண்டிலதானே பாத்து...

நிருஷா: அம்மா.

அன்னப்பூரணி: ஐயோ, வாய் தவறிட்டு.

நிருஷா: றிஸான் அண்ணா. அவன் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யல்ல. கண்டதச் சொன்னான், அவ்வளவுதான்.

றிஸான்: தெரியும்.

நிருஷா: என்ன தெரியும்? கம்பஸில நடந்தது உங்களுக்கு ஆர் சொன்ன?

அன்னப்பூரணி: மனே, அவனுக்கு ஒரு வேலையில பிழையெண்டு காதில விழுந்தா இரிக்க ஒண்ணாது. அதுதான் திருத்தக் கை போயிட்டு. நீ மறந்திரு. உன்ட வெப்சைட் சரி வந்திட்டுத்தானே?

றிஸான்: எனக்கு வெப்சைட் வேண்டாம் அம்மா.

நிருஷா: அப்ப ஏன் கேட்டீங்க?

றிஸான்: வாசல் கதவத் திற, நான் போறன்.

நிருஷா: சொல்லிட்டுப் போங்க. ஆர் கேக்கச் சொன்ன?

றிஸான்: கடைக்குக் கம்பஸ் ஆக்கள் ரெண்டு பேர் வந்தாங்க. ஜெயரூபன்ட கூட்டாளியா எண்டாங்க. அவன் வெப்சைட் செய்றவன் எண்டு அவங்களுக்குத் தெரியும். வெப்சைட் ஒண்டு செய்யக் குடு, பிறகு வீட்டுக்குப் போய் நிறத்த மாத்தச் சொல்லு, ஆர் மாத்துறா எண்டு பக்கத்தில இருந்து பாரு எண்டாங்க. கடையில வாப்பா தனிய நிண்டாரு. நான் ஓம் எண்டன்.

நிருஷா: இப்ப அவங்க எங்க?

றிஸான்: உங்கட ஒழுங்கை முனையில, வானுக்குள்ள. அவங்கட ஃபோனிலயும் இந்தப் பக்கந்தான் திறந்து கிடக்கு. பச்சையானத அவங்களும் கண்டிருப்பாங்க. அது மாறக்குள்ள நீ குசினியில நிண்டது மட்டும் அவங்களுக்குத் தெரியா... நான் சொன்னாத்தான் தெரியும். பூட்டிக்க புள்ள.

அவன் படி இறங்கியதும் நிருஷா கதவைச் சாத்தினாள். திறப்பை இரண்டு தரம் திருப்பிப் பூட்டினாள்.