எந்த டயர் போடுவது

"நம்ம புள்ள எந்த டயர்ல பொறக்கோணும்னு நீங்களே முடிவு பண்ணீட்டீங்களா?"

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த கர்ப்பிணிப் பெண் கணவரிடம் கேட்டாள். அவர்களுடைய பிக்கப் வண்டி தேய்ந்த டயர்களோடு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதாம்.

"பட்டன் டயர்தான், கட்டை கட்டையா இருக்கறது, அதுதான் சேத்துல புடிக்கும். மழை வந்தா நம்ம ஊட்டுப் பாதை பூரா சேறு. உனக்கு வலி எடுத்தா வண்டி ஏறோணுமில்ல?"

"ஈரத் தார் ரோட்டுல அது வழுக்கும்னு டயர் கடைக்காரர் சொன்னாருங்களே. கேரட் லோடோட தினமும் மேட்டுப்பாளையம் எறங்கறது யாரு, நானா?"

"மெதுவாப் போவேன்."

"போன வாரம் தடுப்புச் சுவத்துல இடிச்சப்பவும் மெதுவாத்தான் போனீங்களாக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மடியிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டேன்.

"ரோட்டு டயரே போடுங்க. மழை புடிக்கறதுக்குள்ள நான் குன்னூர்ல எங்கம்மா ஊட்டுக்குப் போயிடறேன். ஆஸ்பத்திரி பக்கந்தான்."

"நம்ம கல்யாணத்துக்கே வராதவங்க. கதவத் தொறப்பாங்களா?"

"தொறக்கற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன். நீங்க வந்து சேருவீங்களான்னு தினமும் உக்காந்திருக்கறதுக்கு, அது பரவால்லீங்க."