மெஷின் எடுக்காத விரல்

இல்ல சார், நான் உட்காரலை. உட்கார்ந்தா ரெண்டு நிமிஷத்துல எழுப்பி அனுப்பிடுவீங்க. போன தடவை அப்படித்தான் ஆச்சு, அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். நின்னுக்கிட்டே பேசுறேன். அந்தக் கடிதத்தை மடிச்சபடியே வையுங்க, அப்புறம் படிக்கலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

நோட்டா? ஆமா, ரெண்டு லேப் நோட்டு. கீழ இருக்கிறதை இப்போ தொடாதீங்க. மேல இருக்கிறதைத் திறங்க, அதுதான் என்னோடது.

நாப்பத்திமூணு நாள் நான் காலேஜுக்கே வரலைன்னு போர்டுல ஒட்டியிருக்கீங்க. பரீட்சை எழுத முடியாதுன்னு பக்கத்துலயே சிவப்பு மையில போட்டாச்சு. சரி, பக்கத்தைப் புரட்டுங்க. தேதி இருக்கா? அன்னைக்கு எத்தனை ரத்த அணு எண்ணினேன்னு இருக்கா? கீழ லேப் மேடத்தோட கையெழுத்து இருக்கா? நாப்பத்திமூணு நாளும் இருக்கும், நான் எண்ணிட்டுத்தான் வந்தேன். வராத பொண்ணு எப்படி சார் மைக்ராஸ்கோப்புல ரத்தம் பாத்தா? வீட்டு மொட்டை மாடியில இருந்து எட்டிப் பாத்தாளா?

நான் எங்க சார் கத்துறேன்? என் குரலே இவ்வளவுதான், இதுக்கு மேல ஏறாது. வீட்டுல நான் கோவப்பட்டா, என்னம்மா சொன்னேன்னு காதைக் கிட்ட கொண்டு வருவாங்க. அதனால கோவம் இல்லைன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. நிறைய இருக்கு.

வருகைக்கு ரேகை எடுக்கிற மெஷின் எதுக்குப் பொய் சொல்லணும்னு கேக்குறீங்க. அது பொய் சொல்லலை சார். அதுக்கு என்னைத் தெரியலை, அவ்வளவுதான். சேர்ந்த அன்னைக்கு வலது கையில ஃபாரத்தைப் பிடிச்சிருந்தேன், வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. மெஷின்ல விரல் பதிய வெச்சவர், எந்தக் கை சும்மா இருக்கோ அதை வையும்மான்னாரு. இடது கை ஆள்காட்டி விரலை வெச்சேன். அன்னையிலேர்ந்து அந்த ஒத்தை விரல்தான் உங்களுக்கு நான். மிச்ச ஒன்பது விரலும் இந்தக் காலேஜுல சேரவே இல்ல.

இந்தாங்க, அந்த விரலைப் பாருங்க. தொட்டுப் பாருங்க சார், கடிக்காது. காய்ச்சுப் போயிருக்கா? குறுக்க கோடு கோடா பள்ளம் இருக்கா? அது பேஞ்சோக் கம்பி.

பேஞ்சோ. வாத்தியம் சார். வட்டமா ஒரு சின்ன மேளத்துக்கு நீளமாக் கழுத்து வெச்ச மாதிரி இருக்கும். மேல தோல், அதுக்கு மேல அஞ்சு இரும்புக் கம்பி. இல்ல, யாரும் சொல்லித் தரலை. இந்த ஊர்ல அதைச் சொல்லித் தர ஒரு ஆள் கிடையாது. நானாத்தான் கத்துக்கிட்டேன். எங்க அண்ணனோடது, பரண்ல பழைய பெட்ஷீட்டுக்குள்ள கிடந்துச்சு. பரணைச் சுத்தம் பண்ண ஏறினவ சும்மா ஒரு தட்டு தட்டினேன். அந்தத் தூசிக்குள்ளேர்ந்து கணீர்னு வந்துச்சு பாருங்க. கீழ இறங்கவே மனசு வரலை.

நேரமா? அதைக் கேக்காதீங்க சார், சிரிப்பா வரும். எட்டு மணிக்கு வகுப்பு, ஒரு மணிக்கு லேப், நாலரைக்கு இங்கேர்ந்து ஓடினா அஞ்சு மணிக்கு ஜெராக்ஸ் கடையில வேலை. நடுவுல எங்க இருக்கு நேரம்? அடுப்புல பால் காயற நேரம் நாலு நிமிஷம். துணி ஊறுற நேரம் பதினஞ்சு நிமிஷம். பஸ்ஸுல வாத்தியத்தைத் தூக்கிட்டு வர முடியாது, அதனால ஸ்கேல்ல அஞ்சு கோடு கிழிச்சு அதுமேல விரலை அழுத்துவேன். மூணு தடவை பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு. ஒரு சட்டை சாயம் போயிருக்கு, அது எங்க அப்பாவோடது.

முதல் வாரம் பண்ணின கூத்தைக் கேளுங்க. நாலு கம்பி ஒழுங்காத் தலை வரைக்கும் போகுது, அஞ்சாவது மட்டும் பாதிக் கழுத்துலயே முறுக்காணியில நிக்குது. எங்க அண்ணன் பாதியில விட்ட படிப்பு மாதிரி இதையும் பாதியில விட்டிருக்கான்னு நெனச்சு, அவிழ்த்து மேல வரைக்கும் இழுத்தேன். பட்டுனு அறுந்து கன்னத்துல அடிச்சுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கம்பியே அப்படித்தான், அதோட இடமே அதுதான். அது மேல ஒரு குத்தமும் இல்ல.

விஷயத்துக்குத்தான் சார் வர்றேன். வாசிக்க ஆரம்பிச்ச அஞ்சாவது மாசம் உங்க மெஷின் என்னைக் கைவிட்டுச்சு. விரலை வெச்சா உள்ள இருக்கிற அம்மா, மறுபடியும் முயற்சிக்கவும்னு சொல்லுவாங்க. மறுபடியும் வெச்சா மறுபடியும் முயற்சிக்கவும். பின்னாடி வரிசை கத்தும், ஏய் நகரு, அங்க என்ன குடித்தனமா நடத்துறன்னு. மூணு தடவைக்கு மேல அதுவே பூட்டிக்கும். எட்டு அஞ்சுக்கு மேல யார் விரலையும் எடுக்காது. நான் உள்ள போய் வகுப்புல உட்கார்ந்திருப்பேன், உங்க கம்ப்யூட்டர்ல நான் வீட்டுல தூங்கிட்டு இருப்பேன்.

உங்ககிட்ட வந்தேன். ஞாபகம் இருக்கா? நீங்க தலையைக்கூட நிமிர்த்தலை. விரலைக் கழுவிட்டு வான்னீங்க. கழுவினேன். சோப்பு போட்டேன், ஸ்பிரிட் போட்டேன், செங்கல்லுல தேய்ச்சேன். ரெண்டாவது தடவை வேற விரலைப் பதிஞ்சுக்கலாமான்னு கேட்டேன். மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வான்னீங்க. போனேன் சார் டாக்டர்கிட்ட. அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதுக்கு என்ன வியாதின்னும்மா நான் எழுதறது, சங்கீதம்னு எழுதட்டுமாங்கிறாரு.

சிரிங்க, பரவாயில்ல. நானும் ஒரு நாள் சிரிச்சேன். லேப்ல ஊசி குத்திப் பழகுறோம், எனக்கு ஜோடி ஒரு குண்டுப் பொண்ணு. என் விரலைப் பிடிச்சு ஒரு குத்து குத்தினா, ரத்தம் வரலை. இன்னொரு குத்து. ஊசி வளைஞ்சுது. ஏண்டி இது விரலா செருப்பான்னா. லேப் மொத்தமும் சிரிச்சுது, மேடம்கூட சிரிச்சாங்க. நான் அந்த விரலை மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சுப் பாத்தேன். ரேகையே இல்ல சார். தேய்ஞ்ச டயர் மாதிரி மொழுக்னு இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில ஒரே பக்கத்தை எழுபது காப்பி எடுத்திருக்கேன், முதலாளி வந்து சுவிட்சை அணைக்கிற வரைக்கும் எனக்குத் தெரியலை.

ஏனா? சொல்றேன்.

ஒரு மாசம் வாசிக்கிறதை நிறுத்து, தோல் உரிஞ்சு ரேகை வந்துடும்னு சொல்றீங்க. சரியான யோசனை. எனக்கும் அது தோணிச்சு சார், அன்னைக்கே தோணிச்சு. நிறுத்தியிருந்தா முப்பது நாளோட போயிருக்கும், நாப்பத்திமூணு ஆகியிருக்காது. நான்தான் நிறுத்தலை. வேணும்னேதான் நிறுத்தலை. இன்னும் கூட்டினேன். பால் காயற நேரம் போதாதுன்னு சாப்பிடற நேரத்துலயும் வாசிச்சேன்.

இப்போ கீழ இருக்கிற நோட்டைத் திறங்க.

பழசுதான். பரண்ல பேஞ்சோவுக்கு அடியில இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு முந்தின தேதி, நீங்க மெஷின் மாட்டின வருஷம். அதே மேடத்தோட கையெழுத்து, ஒரு நாள் விடாம இருக்கு பாருங்க. உயரமா ஒரு பையன் இதே மேஜை முன்னாடி வந்து நின்னான், ஞாபகம் இருக்கா? இருக்காது. சார், மெஷின் என் விரலை எடுக்க மாட்டேங்குதுன்னான். விரலைக் கழுவிட்டு வான்னீங்க. அதே வார்த்தை. வருகை பத்தலைன்னு பரீட்சைக்கு விடலை.

உங்களை மட்டும் சொல்லி என்ன? வீட்டுக்கு வந்தும் அண்ணன் அதையேதான் சொன்னான். அப்பா நம்பலை. வாத்தியத்தைத் தூக்கிட்டு ஊர் சுத்திட்டு வந்து கதை விடுறியான்னு கேட்டாரு. அவன் என்னைப் பாத்தான். நீயாவது சொல்லுங்கிற மாதிரி பாத்தான். நான் சிரிச்சேன் சார். விரல் தேய்ஞ்சு போச்சாம்ப்பா, அடுத்தது காது கழண்டு போச்சும்பான் பாருன்னேன். அப்பாவும் சிரிச்சாரு. அவன் பேஞ்சோவைப் பெட்ஷீட்டுல சுத்திப் பரண்ல போட்டுட்டுக் கிளம்பிட்டான். இப்போ பார்சல் குடோன்ல பெட்டி அடுக்குறான். அங்க கையுறை போட்டுத்தான் வேலை. போன மாசம் போய் அவன் கையைப் பிடிச்சுப் பாத்தேன். விரல் நுனியெல்லாம் மெத்துனு இருக்கு. ரேகை அழகா வந்துடுச்சு. இப்போ வெச்சா உங்க மெஷின் ஒரே தடவையில எடுத்துக்கும்.

நானும் நிறுத்தியிருந்தா எனக்கும் வந்திருக்கும். அப்புறம் எதைக் காட்டி சார் நான் உங்ககிட்ட பேசுறது? அவன் சொன்னது நிஜம்னு சொல்ல இந்த விரலை விட்டா வேற என்ன இருக்கு என்கிட்ட?

என்னோடதைப் பத்தி அப்புறம் பேசலாம். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அந்தக் கடிதத்தை இப்போ பிரிங்க. அது எனக்காக எழுதினது இல்ல. பழைய மாணவர், விட்ட பரீட்சையை எழுத அனுமதிக்கணும்னு முதல் வரியிலயே எங்க அண்ணன் பேரோட இருக்கும்.

இல்ல, மனசுக்குள்ள படிக்காதீங்க. வாசல்ல எங்க அப்பா நிக்கிறாரு, வம்பு பண்ணித்தான் கூட்டிட்டு வந்தேன். என் குரல் அவ்வளவு தூரம் போகாது. நீங்க கொஞ்சம் சத்தமாப் படிங்க சார்.