பக்கத்து இருக்கையில் பஞ்சாட்சரம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் ஆதிநாராயணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்சவல்லி அம்மா அவர்களே, மலையின் பல ஊர்களிலிருந்து வேலையை விட்டுவிட்டு ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் கோபால்சாமி. உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்காது. மறைந்த பஞ்சாட்சரம் அவர்களின் பழைய வண்டிக் கடையில், பின்னறையில் உட்கார்ந்து, வண்டியை வாங்கியவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பங்கள் எழுதுகிறவன் நான். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின் எழுபத்தைந்தாம் ஆண்டில் அவரிடம் சேர்ந்தேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை ரைட்டர் என்பார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லாததால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காரியம் முடிந்த மறுநாள் அம்சவல்லி அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். கணவரை இழந்து இன்னும் கண் காயவில்லை. ஆனாலும் நேராகக் கேட்டார்கள்.

"ரைட்டர் சார், நீங்க முன்னால வந்து உக்காந்தா கடய நடத்தலாம். இல்லன்னா இருக்கிற வண்டிங்கள வேலூர் ஆளுக்குத் தள்ளிவுட்டுட்டுப் பூட்டிடலாம். எது செஞ்சாலும் உங்க மேல எனக்கு வருத்தமில்ல. கூட்டத்து அன்னிக்குச் சொல்லுங்க."

அந்தக் கூட்டம் இன்று நடக்கிறது. வண்டிகளை எடுத்துக்கொள்ள வேலூர்க்காரர் நாளை ஆட்களோடு வருகிறார். கடை மூடினால் மெக்கானிக் பழனிக்கு வேலை இல்லை. மலைமேல் இருக்கும் உங்களுக்கு ஒரு பழைய ஜீப் வேண்டுமென்றால் இனிக் கீழே இறங்க வேண்டும். கீழே வாங்கிய வண்டி மேலே வந்து நின்றுவிட்டால், விற்றவர் மலையேறி வந்து பார்ப்பாரா? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் உட்கார்ந்த இடம் அப்படிப்பட்ட இடம்.

எனக்கு முன் பேசிய அன்பர் அவரை 'வாகன வள்ளல்' என்றார். பஞ்சாட்சரம் இங்கே இருந்திருந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பார். அவர் வள்ளல் இல்லை, வியாபாரி. சொன்ன விலையிலிருந்து லேசில் இறங்க மாட்டார். ஆனால் எப்படிப்பட்ட வியாபாரி? வாங்க வந்தவரின் கையைப் பிடித்து வண்டியின் அடிப்பாகத்தில் வைக்கிற வியாபாரி. "இங்க தடவிப் பாருங்க. துரு. இதும்மேல பெயின்ட் அடிச்சிட்டா எனக்கு இன்னிக்கு நல்லா இருக்கும். மழ காலத்துல உங்க கால் நனையும். யோசிச்சிட்டு வாங்க" என்பார். யோசிக்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அதற்காக அவர் அடுத்தவரின் கையைப் பிடிக்காமல் விட்டாரா? இல்லை.

பழைய வண்டி வியாபாரத்தில் விற்பது பாதி வேலைதான். விற்ற பிறகுதான் மீதி தொடங்கும். புது வண்டி வாங்கியவருக்குக் குறை வந்தால் கம்பெனி இருக்கிறது. பழைய வண்டி வாங்கியவர் யாரிடம் போவார்? விற்றவரின் வாசலுக்குத்தான் வருவார், ஹாரனை அழுத்தியபடியே வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் பின்னறை ஜன்னலைச் சாத்துவேன். பஞ்சாட்சரம் செருப்பை மாட்டுவார்.

"நிக்கிற வண்டிய வச்சிக்கினு இன்னா பேசறது? நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல வர்றேன்."

இவ்வளவுதான் அவர் சொல்வது. கடையில் வைத்து ஒருவரோடும் அவர் வாதாடியதில்லை. குறை சொன்னவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வார். மலைப்பாதையில் அடிவாரம் வரை இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி ஏறி வருவார்கள். கத்திக்கொண்டே போனவர்கள் பையன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு திரும்பி வந்ததை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

புளி வியாபாரம் செய்யும் சாந்தம்மாள் அவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்து இப்போதே சிரிக்கிறார்கள். அவர்கள் வாங்கிய வேனில் ஒருமுறை சத்தம் வந்தது.

"இன்னா பஞ்சாட்சரம், இன்னா வண்டிய என் தலையில கட்டின? எறக்கத்துல இரும்போட இரும்பு மோதுது. இஞ்சின் கழண்டு ரோட்டுல வுழப் போவுது."

"வுழுந்தா எடுத்துக்கலாம்மா. ஏறு, போவோம்."

சாந்தம்மாளின் தம்பி ஓட்டினார். பழனி பின்னால் ஏறிக்கொண்டான். முதல் வளைவிலேயே சத்தம் வந்தது. பஞ்சாட்சரம் அடுத்த வளைவில், "இப்ப கேக்குதாம்மா?" என்றார். அதற்கடுத்த வளைவிலும் அதையே கேட்டார். "உனக்குக் காது அவிஞ்சி போச்சா?" என்று சாந்தம்மாள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அடிவாரத்தில் வெற்றிலைப் பையை எடுக்க இருக்கைக்கு அடியில் கையை விட்டபோது, அங்கிருந்த தகரப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அவர்களுடைய எடைக்கற்கள் உருண்டுகொண்டிருந்தன. மலை ஏறுகிற வழியெல்லாம் சிரித்தார்களாம்.

"மொத திருப்பத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சிப்போச்சே, ஏன் சொல்லல?" என்று பழனி பிறகு கேட்டிருக்கிறான்.

"நான் எடுத்துக் காட்டினா அந்தம்மா தோத்த மாதிரி ஆயிடும்டா. அவங்களே எடுத்தாங்க, சிரிப்பாப் போச்சு."

எல்லா முறையும் எடைக்கல்லாகவே இருந்ததா? இல்லை. குறை அவர் பக்கம் இருந்த நாளும் உண்டு. நம் தலைவர் ஆதிநாராயணன் அவர்கள் வாங்கிய அம்பாசடரில் பிரேக் சரியில்லை என்று கோபமாக வந்தார்கள். வழக்கம்போல இருவரும் இறங்கினார்கள். இரண்டாவது வளைவிலேயே பஞ்சாட்சரம், "ஓரமா நிறுத்துங்க" என்றார். "இது என் தப்பு. இந்த வண்டிய நான் உங்க கையில குடுத்திருக்கக் கூடாது. இதுக்குமேல ஓட்ட வேணாம்." இருவரும் சாலையோரம் கல்லில் உட்கார்ந்திருந்து, மேலே வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினார்கள். டிக்கெட்டைத் தலைவர் எடுத்தார்கள். திட்ட வந்தவரையே டிக்கெட் எடுத்துக் கொடுக்க வைக்கிற மனிதரை வேறு எங்கே பார்ப்போம்?

இப்போது தாண்டவராயன் அவர்களுக்கு வருகிறேன். கடைப் பக்கம் வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். எழுபத்தொன்பதில் எங்களிடம் ஒரு ஜீப் வாங்கினார். அன்றிலிருந்து ஆறு வருடமாக, சந்தை நாள் தவறாமல் அதில் ஒரு குறையோடு வந்தார். பழனி ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்த்து ஒன்றுமில்லை என்பான். பஞ்சாட்சரம் ஒவ்வொரு முறையும் ஏறிப் போவார். ஒருநாள் நானே தாங்காமல், "இவருக்காக இவ்வளவு நேரத்தைக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன். "ஆறு வருஷத்துல ஒரு தபாவாவது வண்டியத் திருப்பி எடுத்துக்கன்னு சொன்னாரா சார்? அவருக்கு அது மேல அவ்ளோ ஆச" என்றார்.

அந்தப் பஞ்சாட்சரம் போன மாதம் ஓர் இரவு படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. அறுபத்திரண்டு வயது. நோயில் கிடக்கவில்லை, ஒருவருக்கும் பாரமாக இருக்கவில்லை. நல்ல வாழ்வு, நல்ல முடிவு என்று அம்மாவே சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை, பதில் கிடைக்காமல், பூட்டிய கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஹாரன் கேட்டது. சாத்துவதற்கு அங்கே ஜன்னல் இல்லை. தாண்டவராயன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார்.

"இன்னா ரைட்டரே, கட தொறக்கறதா இல்லியா?"

"இன்னிக்குக் கூட்டம் இருக்குதுங்க."

"கூட்டத்துக்குத்தான் வந்தேன். ரெண்டாவது கியர்ல ஒரு முனகல் கேக்குது. யார் பாக்கறது?"

"பழனிய வரச் சொல்றேன்."

"பழனி நிக்கிற வண்டியப் பாப்பான். அவரு ஏறி வருவாரு. நீங்க வர்றீங்களா?"

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

தாண்டவராயன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு மட்டும் என் வண்டியில இன்னாத்தப் பாத்தாரு? மூணாவது திருப்பம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவாரு. டீக்கடையாண்ட எழுப்புவேன். மேல ஏறும்போது மறுபடியும் தூக்கம். நானும் குலுங்காம மெதுவா ஓட்டுவேன்."

"அப்ப குறை?"

"கொற எங்க போவுது? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்."

நண்பர்களே, பத்து வருடம் அவர் கடையின் பின்னறையில் இருந்தேன். அவர் ஒவ்வொரு வண்டியிலும் காதைத் தீட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார் என்றே எண்ணியிருந்தேன். அந்தக் காதும் எனக்கில்லை, அந்த நெஞ்சும் எனக்கில்லை என்று இரண்டு வாரமாகக் கலங்கினேன். கடையில் நாங்கள் அஞ்சிய வாடிக்கையாளரின் வண்டியில் அவர் தூங்கியிருக்கிறார்! தாம் விற்ற வண்டியை எவ்வளவு நம்பினால், ஓட்டுகிறவரை எவ்வளவு நம்பினால், அந்த வளைவுகளில் ஒருவருக்குத் தூக்கம் வரும்? இதைவிட ஒரு வாடிக்கையாளருக்கு என்ன மரியாதை செய்ய முடியும்?

அம்சவல்லி அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வேலூர்க்காரரை வர வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். நாளைக் காலை கடை திறக்கும். விலை பேச எனக்கு வராது, அதற்கு நீங்கள் கூட இருக்க வேண்டும். துரு இருக்கும் இடத்தைப் பழனி கையைப் பிடித்துக் காட்டுவான். கோபத்தோடு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நான் உட்காருகிறேன். அந்த இருக்கை காலியாக இருக்காது என்பதுதான் பஞ்சாட்சரம் அவர்களுக்கு நான் இந்தச் சபையில் கொடுக்கும் வாக்கு. அவரைப் போல எனக்குத் தூக்கம் வராது. வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்வேன். ஓட்டுகிறவர்கள் அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவர் அவர்களே, எனக்குப் பிறகு இன்னும் இருவர் பேச இருக்கிறார்கள். இருந்து கேட்காமல் போவதற்கு மன்னியுங்கள். தாண்டவராயன் வெளியே ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிட்டார். நான் போய் ஏறிக்கொள்கிறேன்.