பெற்றோலும் பழசாகும்

பாலைப்போல, அரைத்த மாவைப்போல பெற்றோலும் பழசாகும் என்பது அறுபத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது, தம்பி. வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. எழுதுகிற அந்தப் பொலிஸ் தங்கச்சிக்குக் கை நோகுமென்றால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

அதற்கு முதல் ஒன்று. என் மகன் றொசாந்தன் நோர்வேயிலிருந்து வெளிக்கிட்டுவிட்டான் என்றீர்கள். வந்ததும் இதை அவனுக்கு வாசித்துக் காட்டுவீர்கள். காரைப் பற்றியதை வாசியுங்கள். யாகப்பு அண்ணையை நான் கொன்றதையும் வாசியுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது அவன் காதில் விழக்கூடாது என்றுதான் இவ்வளவும் நடந்தது.

கார் அவனுடையது. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கி மன்னார் உப்புக்குளத்து வீட்டில் விட்டுப்போனான். சுவரில் வயரைக் குத்தினால் சார்ஜ் ஏறும். அது தீர்ந்தால் பெற்றோல் எஞ்சின் வேலை செய்யும். டிசம்பரில் ஒரு மாதம் அவன் ஓடுவான், மிச்சப் பதினொரு மாதமும் நான் பார்த்துக்கொள்வேன். கிழவிக்குக் காரில் என்ன தெரியும் என்று ஊர் சிரித்தது. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் ராமநாதபுரத்தில் ஒரு கார் கழுவுமிடத்தில் பதினொரு வருடம் நின்றேன். எத்தனையோ காரை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து விட்டிருக்கிறேன். லைசென்ஸ் இல்லை. அதையும் எழுதுங்கள்.

இந்தக் காருக்குச் சில குணங்கள் உண்டு. பெரிய பற்றறி நிரம்பியிருந்தாலும், உள்ளே ஒரு சின்னப் பற்றறி இருக்கிறது, அது இறங்கினால் கதவுகூடத் திறக்காது. ஆகவே கிழமைக்கு இரண்டு மூன்று தடவை பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் ஓனில் விட்டு வைப்பேன். வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார்தான், பிறேக்குக்கு வேலை குறைவு. எங்கள் உப்புக்காற்றில் பத்து நாள் சும்மா நின்றாலே பிறேக் தட்டு மண்ணிறமாகிவிடும். அதற்காக வளவுக்குள் நாலு முழம் ஓடி அழுத்திப் பிடித்து, திரும்ப ஓடி அழுத்திப் பிடித்துத் துருவைத் தேய்க்க வேண்டும்.

பெற்றோலை நான் தொட்டதேயில்லை. சார்ஜிலேயே வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் மூன்று மாதம் எரிக்காமல் விட்டால் கார் தானாகவே எஞ்சினைத் தொடக்கிப் பழைய பெற்றோலை எரித்துவிடும். ஆரையும் கேட்காது. முதல்தரம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். திடீரென்று அது உறுமிய உறுமலில் வாளியைக் கீழே போட்டுவிட்டேன். உள்ளே கிடப்பது கிடக்கட்டும் என்று விடத் தெரியாத அந்தக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை.

மற்ற நேரமெல்லாம் அது சத்தமில்லாத பிள்ளை. ஓனில் நின்றாலும் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும்தான். மன்னார்க் கழுதைகள் லொறி வந்தாலே யோசித்துத்தான் எழும்பும். இதற்குக் காதுகூட அசைக்காது.

யாகப்பு அண்ணையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுபத்துமூன்று வயது, பின்வளவில் மகளோடு இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு பேசாலைக் கரையிலிருந்து சண்டைக்குத் தப்பியோடிய சனங்களை வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியாவுக்குக் கொண்டுபோனவர். என்னையும், என் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனவர் அவர்தான். பின்னேரம் மூன்று மணிக்குத் தவறாமல் வருவார். காரின் மூக்குக்கும் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் நல்ல காற்று. அங்கே கதிரையைப் போடுமுன் பொனெற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"என்ன மதலேனா, உன்ர மோனின்ர கார் செத்துப்போச்சோ?"

"இல்லை அண்ணை, ஓன்லதான் நிக்குது."

"சும்மா கதை விடாதை. முப்பது வருசம் எஞ்சினோட படுத்தெழும்பினவன் நான். சத்தமுமில்லை, நடுக்கமுமில்லை. பிறகென்ன ஓன்?"

கடலில் எஞ்சின் ஓட்டிய மனிசருக்குக் காதும் கையும்தான் சாட்சி. ஓனில்தான் நிற்கிறது என்று ஒரு தடவையல்ல, பல தடவை சொல்லியிருக்கிறேன். நான் அவரை ஏமாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஒரு கதை தெரியும். வள்ளக்காரன் எங்களை நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான், இரண்டு நாள் தண்ணீரில்லை, தங்கச்சி ஜெனிஸ்ரா அங்கே செத்துப்போனாள். அவளுக்கு எட்டு மாதம். அவனுக்கு அப்போது ஆறு வயது, கடுங்காய்ச்சலில் வள்ளத்துப் படங்குத் துணிக்குக் கீழே நித்திரை. விழித்ததும் நான் சொன்னதுதான் அவனுக்கு நடந்தது. முகாமில் வளர்ந்த காலமெல்லாம் அந்த வள்ளக்காரனைத் தேடிப்பிடிப்பேன் என்பான். ஒவ்வொரு டிசம்பரும் யாகப்பு அண்ணைக்குப் பக்கத்தில் இருந்துதான் தேத்தண்ணீர் குடித்தான். இவர்தான் அந்த வள்ளக்காரர் என்று நான் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அண்ணை வந்தார். காரைக் கேலி செய்யவில்லை.

"கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஜூலியட் வெள்ளிக்கிழமை வாறா. அக்கரைக்குப் போகேக்க செத்த ஆக்களின்ர பேரைக் கல்லில வெட்டிக் கோயில் வளவில வைக்கினமாம். உன்ர பிள்ளையின்ர பேரும் வரோணும். அண்டைக்கு வள்ளத்தில நடந்ததைச் சொல்லப்போறன்."

"வேண்டாம் அண்ணை."

"பாவம் என்னிலதான் தங்கச்சி. நான் சொல்லித்தானே நீ செய்தனி. றொசாந்தன் வரேக்க அவனிட்டயும் முழங்காலில நிண்டு கேக்கப்போறன்."

"அவன் உங்களை மன்னிக்கமாட்டான்."

"மன்னிக்காட்டிப் போகட்டும். உண்மை தெரியோணும்."

நல்ல மனிசன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பாணும் தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போனபிறகு காரில் ஒரு பொத்தானை அழுத்தினேன். முன்னால் ஆள் நின்றால் கார் கீச்சிட்டுத் தானாகவே நின்றுவிடும். அதை நிறுத்தினேன். கழுவும்போது தொல்லை என்பதால் நிறுத்தியதாக நேற்று உங்களிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நான் கார் கழுவவில்லை.

வியாழன் மூன்று மணிக்கு வந்தார். காரை ஓனில் விட்டிருந்தேன். கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முதுகைக் காரில் சாய்த்து, முழங்கால் தொட்டியில் முட்டுகிற மாதிரி இருந்தார். அவர் குடித்து முடியும்வரை நின்று கோப்பையை வாங்கிக்கொண்டேன். அது சோடிக் கோப்பை, உடைந்தால் மற்றதும் வீண். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து காருக்குள் ஏறினேன்.

மெதுவாகத்தான் விட்டேன். முதலில் பிளாஸ்ரிக் கதிரை உடைந்தது. பிறகு முழங்கால்கள். விறகு முறிகிற சத்தம்தான், பெரிதாக ஒன்றுமில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"மதலேனா! கார் உருளுது! ஓடிவா, சில்லுக்குக் கல்லை வை!"

உள்ளே ஆள் இருக்குமென்று அவர் நினைக்கவில்லை. எஞ்சின்தான் சத்தம் போடவில்லையே. ஆறடி பின்னுக்கு எடுத்தேன். துருப்பிடித்த பிறேக் கரகரத்தது. இரண்டு கிழமை தேய்க்காமல் விட்டிருந்தேன், அது என் பிழை. அவர் கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தார். கால்கள் அவரோடு வரவில்லை. இரண்டாந்தரம் இடுப்பில் பட்டது. மூன்றாந்தரம் நெஞ்சு. தொட்டியின் விளிம்பு வெடித்துத் தண்ணீர் அவர்மேல் ஓடியது. முதலில் சிவப்பாக, பிறகு ரோசாப்பூ நிறத்தில்.

அந்த நேரத்தில்தான் எஞ்சின் தானாகத் தொடங்கியது. கடைசியாக எரித்து மூன்று மாதமாகிவிட்டதை நான் மறந்துபோனேன். வளவே அதிர்ந்தது. அவருடைய உள்ளங்கை பொனெற்றில் இருந்தது. நடுக்கம் விரல்களுக்குத் தெரிந்தது. தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். எஞ்சின் உயிரோடுதான் இருக்கிறது என்பதை அப்போதுதான் நம்பினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஹிதாயா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"யா அல்லாஹ்! மதலேனாக்கா, என்ன செய்றீங்க? காரை நிப்பாட்டுங்க!"

நான் நிப்பாட்டவில்லை. முன்னுக்கே பிடித்து வைத்திருந்தேன். பழைய பெற்றோலைப் பாதி எரித்து நிறுத்துவது எஞ்சினுக்குக் கூடாது. அவள் கதவைத் திறந்து என் தலைமயிரில் பிடித்து இழுத்தபோதுதான் கால் தப்பியது. அவளில் எனக்குக் கோபமில்லை, பயந்துபோனாள் பிள்ளை.

இனிக் கடைசிப் பக்கம். தங்கச்சி, புதுத் தாளில் எழுதுங்கள், பிரித்தெடுக்கச் சுகம்.

மணல்திட்டு என்று ஒன்றுமில்லை. வள்ளத்தில் பத்தொன்பது பேர். விடியப்புறம் நேவிப் படகின் சத்தம் கேட்டது. யாகப்பு அண்ணை எஞ்சினை நிறுத்தினார். ஜெனிஸ்ராவுக்கு இருமல். "பிள்ளையின்ர வாயைப் பொத்து தங்கச்சி" என்றார். பொத்தினேன். நேவி போய்விட்டது. "போயிட்டாங்கள், கையை எடு" என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சொன்னார். மூன்றாந்தரம் சுக்கானை விட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அப்போது எனக்கு நல்ல பலம். முக்கால் மணித்தியாலம் கழித்துத் தனுஷ்கோடிக் கரையில் இறக்கி, கையாலேயே குழி தோண்டித் தந்தவரும் அவர்தான்.

வாயைப் பொத்து என்று முதல் சொன்னதை மட்டும் சிஸ்டரிடம் சொல்வாரென்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவர் கையை எடு என்றதையும் சேர்த்துத்தான் சொல்வார். அரைவாசியோடு நிறுத்தத் தெரியாத மனிசன். றொசாந்தன் கேட்பான், ஏன் அம்மா எடுக்கவில்லை என்று.

ஏன் எடுக்க வேண்டும், தம்பி? பிள்ளை அப்போதுதான் நித்திரையானது. கையை எடுத்திருந்தால் எழும்பியிருக்கும்.